அப்பா படிக்காதவர், ஆனால் நல்லவர். அப்படியானால் சாக்ரடீஸ் சொன்னது எப்படிச் சரி?

தராசுக்காரன் எழுதியது:

வணக்கம். நான் மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறேன், செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி எடை போடுகிற வேலை. மெய்யியல் எல்லாம் நான் படித்தது கிடையாது. மகள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள், அங்கே அது கட்டாயப் பாடமாம், விடுமுறைக்கு வந்தவள் ஒரு வாரமாகச் சாப்பிட உட்கார்ந்தாலே கிரேக்கர்களைப் பற்றித்தான் பேச்சு. எனக்கும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஆனால் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாகத் தூக்கமே சரியாக இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

சாக்ரடீஸ் சொன்னதாக அவள் சொன்னது இது: அறிவுதான் அறம். நல்லது எது என்று உண்மையிலேயே தெரிந்தவன் கெட்டதைச் செய்யமாட்டான், யாரும் மனமறிந்து தப்பு செய்வதில்லை, தெரியாமல்தான் செய்கிறார்கள். கேட்டவுடன் எனக்கு இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் என் அப்பா. இன்னொருவன் நான்.

அப்பா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். சின்ன வயதிலேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய், அப்புறம் தோட்டம் செம்பனைக்கு மாறியபோது குலை வெட்டி, முதுகு போகிற வரைக்கும் உழைத்தார். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு மாதம் கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், கணக்கில் தவறி வேறு ஒருவருடைய பாலையும் அப்பா பேரில் எழுதிவிட்டார். சம்பள நாளில் கையில் வந்தது வழக்கத்தைவிட அதிகம். அந்த மாதம்தான் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார், கடையில் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்பா பணத்தை இரண்டு முறை எண்ணினார், கழற்றிப் போட்ட சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு ஆபீசுக்குத் திரும்ப நடந்தார். நான் பின்னாலேயே ஓடி ஏன்ப்பா என்று கேட்டேன். "அது நம்ம பால் இல்லையே" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் விளக்கம் இன்று வரைக்கும் வந்ததில்லை.

நான் எஸ்.பி.எம். வரை, அதாவது பள்ளி இறுதித் தேர்வு வரை படித்தவன். கணக்கு எனக்கு நன்றாக வரும். நாலு நம்பர் லாட்டரி எடுத்தால் பத்தாயிரம் எண்களில் ஒன்றின்மேல் காசைப் போடுகிறோம் என்று கூட வேலை செய்பவர்களுக்கு நானே தாளில் போட்டுக் காட்டியிருக்கிறேன். காட்டிவிட்டு அன்று மாலையே நானும் எடுத்திருக்கிறேன். பதினோரு வருடம். ஒருமுறை மகளின் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் கை வைத்தேன். கடைக்கு நடந்து போகும்போதே இது தப்பு, இது தப்பு என்று மனது சொல்லிக்கொண்டேதான் வந்தது. நான் தெரியாமல் செய்தேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

படிக்காதவர் சரியாக நடக்கிறார், தெரிந்தவன் தவறுகிறான். அப்புறம் அறிவே அறம் என்பதற்கு என்ன பொருள்?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அப்பாவுக்கு எதுவும் வேண்டாம். காலையில் பால் இல்லாத ஒரு தே ஓ, மதியம் சோறும் ஏதாவது ஒரு கீரையும், வீட்டுக்குப் பின்னால் நாலு வாழை. புதுக் கட்டில் வாங்கிப் போட்டால் இரண்டு நாள் படுத்துவிட்டுப் பாயைத் தேடுகிறார். தாத்தாதான் உண்மையான எபிகூரியர், அதாவது கொஞ்சத்தில் நிறைவு காணச் சொன்ன எபிகூரஸ் என்ற கிரேக்கரின் வழி நடப்பவர் என்கிறாள் மகள். எனக்கோ வேறு பயம். கேட்டால் கிடைக்காது என்று பழகிப்போனவர் கேட்பதையே நிறுத்திவிட்டாரோ? மனநிறைவும் பழகிப்போவதும் ஒன்றா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள்.


பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன், பள்ளிக்குப் பின்புறமே கித்தாக் காடு, ரப்பர் மரங்கள்தான், அதனால் உங்கள் அப்பா போன்றவர்களை நன்றாகத் தெரியும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் அறம் என்று மொழிபெயர்க்கிற கிரேக்கச் சொல் அரெட்டே. (ஒலி ஒத்துப்போகிறது என்று இரண்டையும் உறவாக்கிவிட வேண்டாம், இங்கே சிலர் ஆரம்பித்துவிடுவார்கள்.) அறம் என்றதும் நம் மனது தானதர்மம், கோவில், ஒழுக்கம் என்று போகும். அரெட்டே அதைவிடப் பரந்தது. ஒன்று தனக்குரிய வேலையைச் சிறப்பாகச் செய்கிற தன்மை அது. நன்றாக வெட்டுவது கத்தியின் அரெட்டே, நன்றாக ஓடுவது குதிரையின் அரெட்டே. மனிதன் மனிதனாக வாழ்வதில் என்ன சிறப்பு வேண்டும் என்பதுதான் சாக்ரடீஸ் ஏதென்ஸ் கடைத்தெருவில் நின்று எல்லோரையும் கேட்ட கேள்வி.

அவரே கல் வேலை செய்பவரின் மகன், தாய் மருத்துவச்சி. அவர் பேச்சில் செருப்புத் தைப்பவர், கப்பல் ஓட்டுபவர், வைத்தியர் என்று தொழில் தெரிந்தவர்கள்தான் எடுத்துக்காட்டாக வருவார்கள். கி.மு. 399இல், எழுபது வயதில், இளைஞர்களைக் கெடுத்தார், ஊர்த் தெய்வங்களை மதிக்கவில்லை என்று அவர்மேல் வழக்கு. அங்கே அவர் பேசியதாக அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதியிருப்பதில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். தன்னைவிட அறிவாளி யாராவது உண்டா என்று தேடி அரசியல்வாதிகளிடம் போனாராம், அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கவிஞர்களிடம் போனாராம், தாங்கள் எழுதியதற்கே விளக்கம் சொல்ல முடியவில்லை. கைத்தொழிலாளிகளிடம் போனபோதுதான் உண்மையிலேயே ஏதோ தெரிந்தவர்களைப் பார்த்தார். அவர்களிடமும் ஒரு குறை, ஒரு தொழில் தெரிந்ததால் எல்லாமே தெரியும் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனாலும் அறிவு என்று அவர் மனதில் வைத்திருந்தது அந்த மாதிரி ஒன்றைத்தான், சான்றிதழை இல்லை.

பால் வெட்டைப் பாருங்கள். விடியுமுன்னே போக வேண்டும், அப்போதுதான் மரத்தில் பாலின் அழுத்தம் அதிகம். பால் இருப்பது பட்டையில், பட்டைக்கு உள்ளே மரம் வளர்கிற மெல்லிய அடுக்கு இருக்கிறது. கத்தி மேலோட்டமாகப் போனால் பால் சொட்டாது. ஆழமாகப் போனால் இன்றைக்கு நிறைய வரும், ஆனால் அந்த அடுக்கில் காயம் பட்டுவிடும், பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், சில வருடம் கழித்து அதே பக்கம் வெட்ட வரும்போது ஒன்றும் ஓடாது. இடையில் இருக்கிற அந்த இடம் மில்லிமீட்டர் கணக்கு. நல்ல வெட்டுக்காரர் இருட்டில், தலை விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரத்தில் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு வருவார். எப்படி என்று கேட்டால் கையைக் காட்டுவார். இதை அறிவு இல்லை என்று யாராவது சொல்வார்களா? அரிஸ்டாட்டில் பின்னால் சொன்ன நடுநிலை, அதாவது கோழைத்தனத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் நடுவே வீரம், கஞ்சத்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவே ஈகை என்பதெல்லாம், எனக்குப் புரிந்தது புத்தகத்தில் இல்லை, அந்தப் பட்டையில்தான்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற இடம் பிளேட்டோவின் மீனோ உரையாடல். அறத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று மீனோ கேட்பதில்தான் அது தொடங்குகிறது. அதில் சாக்ரடீஸ் லாரிஸா ஊருக்குப் போகிற பாதையை எடுத்துக்கொள்கிறார். பாதை தெரிந்தவன் போய்ச் சேர்வான். போகாதவன்கூட, சரியாக ஊகித்தால் அதே மாதிரி போய்ச் சேர்வான். அப்படியானால் அறிவுக்கும் சரியான எண்ணத்துக்கும் என்ன வேறுபாடு? எண்ணம் ஓடிப்போய்விடும் என்கிறார். டைடலோஸ் என்ற சிற்பி செய்த சிலைகள் கட்டிவைக்காவிட்டால் ஓடிவிடுமாம், அதுபோல. ஏன் இது சரி என்கிற காரணத்தால் கட்டினால்தான் அது நிற்கும், அப்போதுதான் அதற்குப் பேர் அறிவு.

இப்போது உங்களிடம் கேட்கிறேன். உங்கள் அப்பாவின் நேர்மை வறுமையிலும் ஆஸ்பத்திரி மாதத்திலும் ஓடிப்போகவில்லை. அப்படியானால் அது எதனாலோ கட்டப்பட்டிருக்கிறது. எதனால் என்று அவரிடம் என்றைக்காவது உட்கார்ந்து கேட்டீர்களா? "அது நம்ம பால் இல்லையே" என்பது முடிவு. காரணம் அதற்குப் பின்னால் இருக்கும்.


மரத்தூள் எழுதியது:

தராசு அண்ணே, வாத்தியார் ஐயா அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் உங்களைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நானும் அந்த வழியில் போனவன்தான். எனக்கு நம்பர் இல்லை, சம்சு, அந்த மலிவுச் சாராயம். நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. தச்சு வேலை செய்கிறேன்.

நிறுத்திய முதல் வருடத்தில் கோயில் நூலகத்தில் அரிஸ்டாட்டிலைப் பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரை கிடைத்தது, அப்புறம் மலாயில் தேடிப் படித்தேன், இப்போதும் படித்துக்கொண்டிருக்கிறேன். நிக்கோமாக்கிய அறவியல் என்ற நூலில் ஏழாவது பகுதியில் பெரும்பகுதி உங்கள் கேள்விதான். தெரிந்தும் ஏன் தவறுகிறோம்? சாக்ரடீஸ் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றார், அறிவு இருக்கும்போது வேறொன்று அதை அடிமையைப்போல இழுத்துக்கொண்டு போகும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அரிஸ்டாட்டில், கண்ணால் பார்ப்பதற்கு இது மாறாக இருக்கிறதே என்று ஆரம்பிக்கிறார். எனக்கு அந்த வரியைப் படித்தபோதே யாரோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அவர் சொல்வது, தெரிந்திருப்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று வைத்திருப்பது, இன்னொன்று அந்த நேரத்தில் அதைப் பயன்படுத்துவது. தூங்குகிறவனிடமும் அறிவு இருக்கிறது, குடித்திருக்கிறவனிடமும் இருக்கிறது, ஆனால் கைக்கு வராது. குடித்தவன் எம்பெடோக்ளிஸ் என்ற பழைய கிரேக்க அறிஞரின் செய்யுளைக்கூட ஒப்பிப்பான் என்கிறார், அதனால் அவனுக்குப் பொருள் தெரியும் என்று ஆகிவிடுமா? உடனே இன்னொன்றும் சொல்கிறார், புதிதாகப் பாடம் படிப்பவர்கள் சொற்களைக் கோத்துச் சொல்லிவிடுவார்கள், ஆனால் இன்னும் தெரியாது, அது அவர்களுக்குள் வளர்ந்து ஒன்றாக வேண்டும், அதற்குக் காலம் வேண்டும் என்று. அண்ணே, நீங்கள் பத்தாயிரத்தில் ஒன்று என்று தாளில் போட்டுக் காட்டியது அந்த ஒப்பித்தல்தான். நானும் போதையிலேயே குடியின் தீமையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன், கேட்டவர்கள் அழுதிருக்கிறார்கள்.

எனவே சாக்ரடீஸையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. கடைக்கு நடந்த அந்த நேரத்தில் உங்கள் மனதில் இருந்தது சொல்தான், அறிவு வேறு எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது. அரிஸ்டாட்டிலே கடைசியில் சாக்ரடீஸ் சொல்ல வந்தது ஒரு விதத்தில் சரியாகத்தான் வருகிறது என்று ஒத்துக்கொள்கிறார்.

வள்ளுவரும் இதைக் கவனித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கற்க கசடற என்று சொல்லிவிட்டு விட்டுவிடவில்லை, கற்றபின் நிற்க அதற்குத் தக என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. கற்றால் தானாக நின்றுவிடுவோம் என்றால் அந்த இரண்டாவது பாதி எதற்கு?

சரி, என்ன செய்வது? வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறோம், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ்க்காரர் ஆகிறோம், அதுபோல நேர்மையான காரியத்தைச் செய்து செய்துதான் நேர்மையானவர் ஆகிறோம் என்பது அவர் பதில். இன்னும் ஒன்று, இது என் தொழில் என்பதால் நன்றாகப் பிடிபட்டது: நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று தெரிந்துகொண்டு எதிர்ப் பக்கமாக நம்மை இழுக்க வேண்டும், வளைந்த மரத்தை நிமிர்த்துகிறவர்கள் செய்வதுபோல என்கிறார். பலகை வளைந்திருந்தால் நேராக வருகிற அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதாது, பிடியை எடுத்ததும் திரும்பிவிடும். நேரைத் தாண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் வளைத்து வைக்க வேண்டும். அதனால்தான் நான் அளவாகக் குடிக்கலாம் என்ற பேச்சுக்கே போவதில்லை, கல்யாண வீட்டில்கூட. நீங்கள் அந்தக் கடை இருக்கிற தெருவிலேயே கொஞ்ச காலம் போகாமல் இருந்து பாருங்கள். இன்னும் எடுக்கிறீர்களா, நிறுத்திவிட்டீர்களா என்று எழுதவில்லையே.


கிள்ளான் தாதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணே, உங்கள் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். எங்கள் தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், நாற்பது வருடம் அங்கே வேலை செய்த தாத்தாவுக்குக் கையில் கொடுத்த பணம் ஒரு வருட வாடகைக்குக் காணாது. அன்றைக்குக் கோயில் முன்னால் பேச வந்த ஒரு பெரிய மனிதர் சொன்னது, "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து". எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தப் பழமொழியை அதற்குப் பிறகு பல வருடம் என்னால் காதால் கேட்க முடியவில்லை. அதனால் கிரேக்கர்களும் மனநிறைவு பற்றிப் பேசினார்கள் என்று தெரிந்தபோது, இவர்களும் அந்தக் கூட்டம்தானா என்ற சந்தேகத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். படித்த பிறகு சந்தேகம் போய்விட்டது, ஏன் என்று சொல்கிறேன்.

எபிகூரஸ் என்றாலே தின்று குடித்துக் கும்மாளம் போடுகிறவர் என்று ஒரு கெட்ட பெயர். அவர் ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு வாழ்ந்தார், பெண்களும் அடிமைகளும் அங்கே சேர்ந்து படித்தார்கள், அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. ரொட்டியும் தண்ணீரும்தான் சாப்பாடு, ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி அனுப்பு, விருந்து சாப்பிட வேண்டும் என்று தோன்றும்போது வைத்துக்கொள்கிறேன் என்று நண்பருக்கு எழுதியவர். ஆசைகளை அவர் மூன்றாகப் பிரித்தார். இயற்கையானதும் அவசியமானதும் ஒன்று: பசிக்கு உணவு, குளிருக்குத் துணி, தலைக்குமேல் கூரை. இயற்கையானது ஆனால் அவசியமில்லாதது இன்னொன்று, வகைவகையான சாப்பாடு மாதிரி. இரண்டுமே இல்லாதது புகழ், பதவி, அளவில்லாத செல்வம், அதற்கு எல்லையே கிடையாது. இதில் முதல் வகையை விட்டுவிடு என்று அவர் எங்கேயும் சொல்லவில்லையே! எங்கள் தாத்தா கேட்டது கூரை. அது பேராசை இல்லை, எபிகூரஸ் கணக்கிலேயே அது அவசியம். எல்லையில்லாத மூன்றாவது வகையில் இருந்தவர்கள்தான் முதல் வகையில் இருந்தவர்களுக்கு மனநிறைவைப் பற்றிப் பாடம் நடத்தினார்கள்.

ஸ்டோயிக் என்ற மெய்யியல் கூட்டத்தைச் சேர்ந்த எபிக்டெட்டஸும் இப்படித்தான். அவரே அடிமையாக இருந்தவர், கால் ஊனம். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார் என்பதுதான் அவர் பாடத்தின் முதல் வரி. நம் எண்ணம், விருப்பம், வெறுப்பு நம் கையில், உடம்பும் சொத்தும் பேரும் பதவியும் நம் கையில் இல்லை. இதைக் கேட்டு எதையும் செய்யாமல் உட்கார் என்று புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உனக்குக் கொடுத்த வேடத்தை நன்றாக நடி என்றும் அவர்தான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரனுக்காகப் பேசுவது என் வேடத்தில் உண்டு, ஜெயிப்பது மட்டும்தான் என் கையில் இல்லை. 1960இல், அப்போது மலாயாவில் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடி விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களை வாங்கப் புறப்பட்டபோது அதில் பங்குப் பணம் கட்டியவர்கள் பால் வெட்டியவர்கள், புல் வெட்டியவர்கள். அவர்களுக்கு மனநிறைவு இல்லை என்று யாராவது சொல்வார்களா?

அரிஸ்டாட்டில் இன்னும் நேராகப் பேசுகிறார், மரத்தூள் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். நல்லவனாக இருந்தால் போதும், சித்திரவதைச் சக்கரத்தில் கட்டினாலும் அவன் நன்றாகத்தான் இருக்கிறான் என்பவர்கள் அர்த்தமில்லாமல் பேசுகிறார்கள் என்று எழுதிவிட்டார். நல்ல வாழ்வுக்கு அறம்தான் நடுமரம், ஆனால் கொஞ்சம் பொருளும் நண்பர்களும் இல்லாமல் நல்ல காரியங்களைச் செய்வது கஷ்டம் என்பது அவர் கட்சி.

இப்போது உங்கள் அப்பா. என் வார்டில் தோட்டத்திலிருந்து வருகிற பாட்டிகளைப் பார்க்கிறேன். வலிக்கிறதா என்றால் இல்லை என்பார்கள், கை படுக்கை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். மருந்து வேண்டுமா என்றால் உனக்கு எதுக்கும்மா சிரமம் என்பார்கள். அது மனநிறைவு இல்லை அண்ணே, கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போனவர்களின் வாய் அது. வேறு சிலரும் உண்டு, மருந்து வேண்டும் என்றால் வேண்டும் என்று தெளிவாகச் சொல்வார்கள், வாங்கிக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார்கள், புதுக் கட்டில் வேண்டாம் என்பது இவர்கள் சொன்னால் எனக்குப் பயமில்லை. உங்கள் அப்பா எந்த வகை? தனக்கோ மற்றவருக்கோ அவசியமானதை அவர் எப்போதாவது வாய்விட்டுக் கேட்டிருக்கிறாரா? அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.


பழைய வாத்தியார் எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தப் பழமொழியை நானும் சபைக்கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், எந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று யோசிக்காமல். இனி சொன்னால் யோசித்துச் சொல்வேன்.

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். சாக்ரடீஸ் கடைத்தெருவில் குவிந்த பொருள்களைப் பார்த்து எனக்குத் தேவையில்லாதவை எத்தனை இருக்கின்றன என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அதே சாக்ரடீஸ்தான் நீதிமன்றத்தில், எனக்கு என்ன தண்டனை தகும் என்று கேட்டபோது, ஒலிம்பியாவில் வென்றவர்களுக்குக் கொடுப்பதுபோல ஊர்ச் செலவில் எனக்குச் சாப்பாடு போடுங்கள் என்றார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு இது எனக்கு உரியது என்று சொல்லவும் தெரிந்திருந்தது.


தராசுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாகப் பதில் போடவில்லை, வீட்டில் இதையே பேசிக்கொண்டிருந்தோம்.

மரத்தூள் அண்ணே, நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. அந்தத் தெருவில் போவதில்லை, மீன் வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். பலகையை நேரைத் தாண்டி வளைப்பது என்று நீங்கள் எழுதியதை மகள் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

தங்கச்சி, நீங்கள் கேட்டது எனக்குப் பதில் தெரிந்த கேள்வி, கேட்ட பிறகுதான் தெரிந்தது என்று தெரிந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதில் லயத்தில் தண்ணீர் வராமல் இரண்டு வாரம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. பெரட்டில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், எல்லோர் முன்னாலும் அப்பாதான் கேட்டார். பதில் வரவில்லை என்றதும் ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு சைக்கிளில் பட்டணத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார், எழுத்து அவ்வளவாக வராதவர், யாரோ எழுத இவர் கையெழுத்துப் போட்டார். தண்ணீர் வந்தது. அதனால் பாயில் படுப்பதைப் பற்றி இனி நான் கவலைப்படுவதாக இல்லை. முதுகுக்கு அதுதான் சுகமாக இருக்கிறதாம், கேட்டுவிட்டேன்.

வாத்தியார் ஐயா சொன்னபடி அந்தக் கேள்வியையும் கேட்டேன். நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு, மகளும் இருந்தாள். அன்றைக்குப் பணத்தை ஏன்ப்பா திருப்பிக் கொடுத்தீர்கள், உண்மையான காரணம் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

அவருக்குப் பதினாறு வயது, வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான். மழை விட்டு நேரம் கழித்து வெட்டியதில் மரத்தில் பால் பிடிக்கிற மங்குகளில் பாலே இல்லை. பாலைத் தோளில் சுமக்கிற காண்டா வாளியில் ஓடைத் தண்ணீரைக் கலந்துவிட்டார். அன்றைக்கு ஸ்டோரில் ஒவ்வொரு வாளியாகப் பார்க்காமல் தொட்டியில் ஊற்றிய பிறகுதான் பாலின் தரம் பார்க்கிற மெட்ரோலாக் கருவியைப் போட்டுப் பார்த்தார்கள், பால் தண்ணியாக இருந்தது. அடுத்த நிரையில் வெட்டிய ஓர் அம்மாவின்மேல் சந்தேகம் விழுந்தது, அவர் ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவர். இரண்டு வாரம் வேலை கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் அந்த அம்மாவின் மூன்று பிள்ளைகளும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் பாட்டி வீட்டுக்கு வந்தார்கள். பாட்டிக்கு விஷயம் தெரியாது, பாவம் என்று கூப்பிட்டிருக்கிறார். அப்பா தினமும் அந்தப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. "சோறு இறங்கலடா" என்றார். "அதுக்கப்புறம் அடுத்தவங்க பால்ல இருந்து வர்ற காசு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்க அம்மா படுத்திருந்தப்ப அந்தக் காசுல மருந்து வாங்கியிருந்தா அதுவும் இறங்கியிருக்காது."

தாத்தா, அந்தம்மாவிடம் சொன்னீர்களா என்று மகள் கேட்டாள். சொன்னேன், கல்யாணம் ஆன பிறகு, தைரியம் வந்ததும், என்றார். அந்தம்மா, எனக்கு அப்பவே தெரியும்டா, நீ சாப்பிடற லட்சணத்தைப் பிள்ளைங்க வந்து சொன்னாங்க என்றாராம்.


பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, அந்த அம்மா இருக்கிறார்களா?


தராசுக்காரன் எழுதியது:

இல்லை ஐயா, காலமாகி ரொம்ப வருடம் ஆகிறது. மூத்த மகன் பீடோரில் இருக்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா முதலில் போவது அவர் வீட்டுக்குத்தான், சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் அப்புறம்தான். ஏன் என்று நாங்கள் யாருமே கேட்டதில்லை.